விளையாட்டுப் பொறிகளில் விளைந்த அறிவு

'ஹீலா' என்னும் அரபுச் சொல் நமக்குப் புதியதன்று. மார்க்கச் சட்ட நூல்களைப் பயின்றவர்கள் அச்சொல்லைச் சற்று ஐயத்துடனேயே உச்சரிப்பர். சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் கருத்தைக் கடந்து செல்லும் தந்திரம் என்பது அங்கு அதன் பொருள். ஆனால் இதே சொல்லின் பன்மையான 'ஹியல்' என்பது ஒரு காலத்தில் மதிப்புமிக்க ஓர் அறிவுத் துறையின் பெயராக விளங்கிற்று. நீர், காற்று, எடை ஆகியவற்றின் இயல்பை அறிந்து, அவற்றைக் கொண்டே வியப்பூட்டும் பொறிகளை அமைக்கும் கலைக்கு 'இல்முல் ஹியல்' என்று அரபு அறிஞர் பெயரிட்டனர்.

இத்துறையில் இரு நூல்கள் தலைசிறந்தவை. ஒன்று கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பக்தாதில் எழுந்தது. மற்றொன்று அதற்கு மூன்றரை நூற்றாண்டு பிந்தி, தஜ்லா ஆற்றங்கரையிலுள்ள ஆமித் நகரில் எழுந்தது. அந்நகரே இன்று துருக்கியில் தியார்பக்கிர் எனப்படுகிறது. இவ்விரு நூல்களையும் பற்றி இருவேறு கருத்துகள் உலவுகின்றன. அரசர்களின் பொழுதுபோக்குக்கான விளையாட்டுப் பொருள்கள் இவை என்று சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். இன்றைய கணினியும் ரோபோவும் அன்றே நம்மவர் கையில் இருந்தன என்று வேறு சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். இரு சாராரும் நூல்களைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அவற்றில் உள்ளதை உள்ளவாறு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூஸாவின் மைந்தர் மூவர்

கலீஃபா மஃமூனின் ஆதரவில் வளர்ந்தவர்கள் முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் சகோதரர் மூவர். 'பனூ மூஸா', அதாவது மூஸாவின் மக்கள் என்று வரலாறு இவர்களை ஒருசேர அழைக்கிறது. தந்தை மூஸா இப்னு ஷாகிர் இளமையில் வழிப்பறி செய்தவர் என்றும், பின்னர் வானியல் அறிஞராகி மஃமூனின் நட்பைப் பெற்றவர் என்றும் பழைய நூல்கள் கூறுகின்றன. அவருடைய பிள்ளைகள் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் கல்வி கற்றுக் கணிதத்திலும் வானியலிலும் பெயர் பெற்றனர். கிரேக்க நூல்களைத் தேடிச் சேர்ப்பதிலும் மொழிபெயர்ப்பாளர்களை ஆதரிப்பதிலும் தம் செல்வத்தைச் செலவிட்டனர்.

ஏறத்தாழ 850ஆம் ஆண்டில் இவர்கள் இயற்றிய 'கிதாபுல் ஹியல்' நூறளவான பொறிகளை விளக்குகிறது. இவற்றுட் பெரும்பாலானவை விந்தைப் பாத்திரங்களே. ஒரு பாத்திரத்தில் தொடர்ந்து நீர் ஊற்றினால் ஏற்றுக்கொள்ளும். இடையில் சற்று நிறுத்தி மீண்டும் ஊற்றினால் ஒரு துளியும் உட்செல்லாது. வடிவம் மாறி மாறிப் பாயும் நீரூற்றுகளும், பெருங்காற்றிலும் அணையாத விளக்கும், தன் திரியைத் தானே தூண்டிக்கொள்ளும் விளக்கும் இந்நூலில் உள்ளன.

விருந்தினரை வியக்கவைக்கும் வேடிக்கைதான் இவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேடிக்கை எவ்வாறு நிகழ்கிறது என்று உள்ளே நோக்கினால் வேறொன்று புலப்படும். நீர்மட்டம் உயர உயர ஒரு மிதவை எழுகிறது. எழுந்த மிதவை ஓர் அடைப்பானை மூடுகிறது அல்லது திறக்கிறது. மனிதக் கை படாமலே, நீர் தன் வரவைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. நம் வீட்டு மாடித் தொட்டியில் நீர் நிறைந்ததும் குழாயை அடைத்துவிடும் மிதவைப் பந்தும் இதே நெறியில்தான் இயங்குகிறது. இந்நெறியை முதன்முதலில் கண்டவர்கள் பனூ மூஸா அல்லர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் கிரேக்கர்கள் மிதவையைப் பயன்படுத்தினர். மூஸாவின் மைந்தர் அவர்களிடம் கற்றனர். கற்றதோடு நில்லாமல், கூம்பு வடிவ அடைப்பான்களையும் வளைந்த வடிகுழாய்களையும் நுட்பமாக இணைத்து, முன்னோர் எண்ணியிராத அளவுக்கு அக்கலையை வளர்த்தனர்.

இதே நூலின் இறுதிப் பகுதியில், காற்றுக் கெட்ட கிணற்றில் இறங்கும் தொழிலாளர் மூச்சுவிட உதவும் ஒரு கருவியும், நீரடியில் கிடப்பதைக் கவ்வி எடுக்கும் ஒரு கருவியும் விளக்கப்படுகின்றன. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி கொண்டு எடுத்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டாவதன் அருமை சொல்லாமலே விளங்கும். விருந்து மண்டபத்து வேடிக்கையையும் கிணற்றுத் தொழிலாளியின் உயிரையும் ஒரே நூலில், ஒரே அக்கறையோடு எழுதியவர்கள் இவர்கள்.

ஆமித் நகரத்துக் கைவினைஞர்

பதீஉஸ் ஸமான் இஸ்மாயீல் இப்னுர் ரஸ்ஸாஸ் அல்ஜஸரீ என்பவரைப் பற்றி நாம் அறிவன எல்லாம் அவர் தம் நூலின் முன்னுரையில் எழுதிவைத்தவை மட்டுமே. ஆர்த்துக்கிய மரபைச் சேர்ந்த மன்னர் ஒருவர், அவருடைய மைந்தர் இருவர் என மூவரின் ஊழியத்தில் அவர் தொடர்ந்து இருந்தார். மூன்றாமவரான நாஸிருத்தீன் மஹ்மூது, இப்பொறிகளைச் செய்து காட்டியதோடு நிற்காமல் எழுத்தில் வடிக்க வேண்டும் என்று பணித்தார். உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்பதே மன்னரின் கவலை. அக்கவலையின் பயனாக உருவான நூலின் மிகப் பழைய படி ஹிஜ்ரி 602ஐ, அதாவது கி.பி. 1206ஐச் சேர்ந்தது. அது இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனை நூலகத்துச் சொத்தாகும்.

நூலில் 50 பொறிகள் ஆறு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. கடிகாரங்கள் 10, விருந்து மண்டபத்துக்கான பாத்திரங்களும் உருவங்களும் 10, கைகழுவவும் இரத்தம் எடுக்கவும் பயன்படும் கெண்டிகளும் தட்டங்களும் 10, நீரூற்றுகளும் ஓயாது ஒலிக்கும் குழல்களும் 10, நீரிறைக்கும் பொறிகள் 5, பலவகைப் பொருள்கள் 5. இரண்டாம் பிரிவிலுள்ளவை மன்னர் அவையின் மது விருந்துகளுக்காகச் செய்யப்பட்டவை என்பதை மறைப்பதில் பொருளில்லை. அரண்மனைகளின் வழக்கம் எல்லாக் காலத்தும் மார்க்கத்தின் வழக்கமாக இருந்ததில்லை.

அதே அரண்மனையில் ஒளூச் செய்வதற்கான பொறிகளும் இருந்தன. தொழுகைக்காக ஒளூச் செய்கையில் பணியாளர் தம் கைகளில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பவில்லை. அதற்கொரு பொறி செய்து தருமாறு கேட்டார் என்று அல்ஜஸரீ எழுதுகிறார். அவர் அமைத்த மயில் வடிவப் பொறி ஒன்றில், மயிலின் அலகிலிருந்து கைகழுவ நீர் வழிகிறது. கழுவிய நீர் கீழே தொட்டியில் சேர்ந்து ஒரு மிதவையை உயர்த்த, சிறு கதவு திறந்து ஒரு பணியாள் உருவம் கழுவுபொடியுடன் வெளிவருகிறது. நீர் மேலும் சேர, மற்றோர் உருவம் துவாலையுடன் வருகிறது. கழித்துவிட்ட நீரே அடுத்த ஏவலைச் செய்யும் பணியாளாகிறது. பனூ மூஸாவின் மிதவை இங்கே ஒழுங்கான ஒரு வரிசையை நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டது.

யானையும் நாழிகை வட்டிலும்

அல்ஜஸரீயின் பொறிகளுள் புகழ் மிக்கது யானைக் கடிகாரம். யானையின் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. அதில் அடியில் துளையிட்ட ஒரு கிண்ணம் மிதக்கிறது. துளை வழியே நீர் புகுந்து, சரியாக அரைமணி நேரத்தில் கிண்ணம் மூழ்குகிறது. மூழ்கும்போது அது இழுக்கும் கயிறு மேலேயிருந்து ஓர் உலோக உருண்டையை விடுவிக்கிறது. உருண்டை பருந்தின் அலகிலிருந்து ஒரு பாம்பின் வாயில் விழுகிறது. அந்தச் சுமையால் பாம்பு தலைதாழ்கிறது. தாழும் பாம்பு தன்னோடு பிணைந்த சங்கிலியால் மூழ்கிய கிண்ணத்தை மேலே தூக்கிவிடுகிறது. பாகன் யானையைத் தட்டுகிறான். உருண்டை ஓசையுடன் கீழே விழுகிறது. பாம்பு மீண்டும் நிமிர்கிறது. கிண்ணம் வெறுமையாகி அடுத்த அரைமணிக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

துளையிட்ட கிண்ணம் மூழ்குவதைக் கொண்டு காலம் அளக்கும் முறை நம் நாட்டில் தொன்மையானது. நம் முன்னோர் 'நாழிகை வட்டில்' என்று வழங்கியதும் அதுவே. ஆனால் வட்டில் மூழ்கும்தோறும் ஒருவர் அருகிருந்து அதை எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்கவிட வேண்டும். அல்ஜஸரீயின் பொறியிலோ, கிண்ணம் தன்னைத் தூக்கிவிடும் பாம்பைத் தானே எழுப்பிக்கொள்கிறது. இந்தியாவின் யானை, சீனத்தை நினைவூட்டும் பாம்புகள், கிரேக்கர் வளர்த்த நீர்நுட்பம் ஆகிய அனைத்தையும் ஒரே பொறியில் அமைத்து, அவர் அதை அரபு மொழியில் விளக்கினார். பிறரிடமிருந்து பெற்றதை மறைக்கும் எண்ணம் அதில் எங்கும் இல்லை.

குறை கண்டார், திருத்தினார்

நூலின் முதற்கடிகாரமான கோட்டைக் கடிகாரத்தில்தான் அல்ஜஸரீயின் உள்ளத்தை நாம் தெளிவாகக் காண்கிறோம். அக்காலத்தில் பகல் நீண்டதாயினும் குறுகியதாயினும் அதனைப் பன்னிரண்டு மணியாகவே பகுத்தனர். ஆகவே கோடையில் ஒரு மணி நீண்டும் குளிர்காலத்தில் சுருங்கியும் இருக்கும். ஆமித் நகரோ நம் ஊர்களைவிட வெகு வடக்கே உள்ளது. அங்கே நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இன்றைய கணக்கில் ஐந்து மணிக்கு மேல் வேறுபாடு உண்டு. எனவே நீர் ஒழுகும் வேகத்தை நாள்தோறும் சிறிது மாற்றியாக வேண்டும்.

இதற்கென முன்னோர் அரைவட்டமான ஓர் அமைப்பை விட்டுச் சென்றிருந்தனர். ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கிய ஒரு நூலையும் அல்ஜஸரீ பயின்றிருந்தார். பெரியோர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டுவிடவில்லை, செய்து பார்த்தார். அரைவட்டம் பிழையான அளவைத் தருவதைக் கண்டார். திருத்த முயன்று பலமுறை பார்த்தபின், இராசிகளைக் குறித்த முழுவட்டத் தட்டு ஒன்றை அமைத்து, நீர் வெளியேறும் துளையின் உயரத்தை நாள்தோறும் மாற்றும் வழியைக் கண்டார். தோல்வியுற்ற முயற்சிகளையும் அவர் எழுதத் தவறவில்லை.

நீரூற்றுகளைப் பற்றி எழுதும்போது பனூ மூஸாவை அவர் நினைவுகூர்கிறார். அல்லாஹ்வின் அருள் அவர்களுக்கு உண்டாகட்டும் என்று துஆச் செய்துவிட்டு, அவர்களுடைய ஊற்றுகள் மிக விரைவில் வடிவம் மாறிவிடுவதால் காண்போர் முழுமையாகச் சுவைக்க இயலவில்லை என்று குறையையும் சொல்கிறார். பெரியோரை மதிப்பதற்கும் அவர்தம் பிழையைத் திருத்துவதற்கும் முரண்பாடு இல்லை என்பதை இதைவிட அழகாகக் காட்டுவது அரிது. செய்து பார்த்துச் சரிகாணாத தொழிலறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையில் நிற்கிறது என்பது அவர் முன்னுரையில் தரும் கருத்து.

நீரிறைக்கும் பொறிகளில் இந்த உழைப்பின் பயனைக் காணலாம். ஐந்தாவது பொறியில், ஆற்றுநீர் சுழற்றும் சக்கரம் எதிரெதிரான இரு உருளைகளுக்குள் பிஸ்டன்களை இயக்குகிறது. ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றொன்று நீரை மேலே தள்ளுகிறது. பொறியியல் வரலாற்றாசிரியர்கள் மிகவும் போற்றும் அமைப்பு இது. எழுத்துகள் பொறித்த நான்கு வட்டுகளைச் சரியாகத் திருப்பினாலன்றித் திறக்காத பூட்டு ஒன்றும் நூலின் இறுதிப் பிரிவில் உள்ளது. மரம் வளையாதிருக்கப் பல துண்டுகளை ஒட்டும் முறை, மணல் அச்சில் உலோகம் வார்க்கும் முறை, சக்கரத்தின் எடையைச் சமன் செய்யும் முறை முதலியவற்றையும் பட்டறையில் நின்று சொல்வதுபோல் அவர் சொல்கிறார்.

படமாகிப்போன நூல்

இத்தகைய நூலுக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது சிந்தனைக்குரியது. வண்ணப் படங்களின் அழகினால் செல்வர்கள் இதனைப் படியெடுக்கச் செய்தனர். அந்த அழகே நூலுக்குப் பகையாயிற்று. படங்களுள்ள ஏடுகள் தனித்தனியே வெட்டி விற்கப்பட்டன. 1315ஆம் ஆண்டுப் படியொன்றின் யானைக் கடிகார ஏடு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1354ஆம் ஆண்டுப் படி இஸ்தான்புல்லில் இருக்க, அதிலிருந்து பிரிந்த ஏடுகள் பாஸ்டன் முதலிய ஊர்களைச் சேர்ந்தன. எவ்வாறு செய்வது என்று கற்பிக்க எழுதப்பட்ட ஏடு, சட்டத்திற்குள் மாட்டிப் பார்க்கும் ஓவியமாகிவிட்டது.

டொனால்ட் ஹில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் அல்ஜஸரீயின் நூலை 1974லும் பனூ மூஸாவின் நூலை 1979லும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1976இல் இலண்டனில் நடைபெற்ற இஸ்லாமிய உலகத் திருவிழாவின்போது, நூலிலுள்ள விளக்கத்தைக் கொண்டே கோட்டைக் கடிகாரத்தைச் செய்து அறிவியல் அருங்காட்சியகத்தில் வைத்தனர். அது இயங்கிற்று! 770 ஆண்டுகளுக்குப் பின் அறிமுகமற்ற ஒரு நாட்டினர் படித்துச் செய்யும் அளவுக்கு, அந்த ஆமித் நகரத்துக் கைவினைஞர் ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தார்.

பொறியைச் செய்தவர்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்தனர். தம் தொழில் இரகசியத்தை உறைக்குள் வைத்துக்கொண்டே மறைந்தவர்கள்தாம் அவர்களுள் பெரும்பாலோர். அளவையும் பொருளையும் சேர்க்கும் முறையையும் சொல்லி, உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டுப் படம் வரைந்து, கடன்பட்ட முன்னோரைப் பெயர் சொல்லி, தாம் தோற்ற இடத்தையும் குறித்து வைத்தவர்கள் மிகச் சிலர். அல்ஜஸரீ நம் பெருமைக்குரியவராவது இதனால்தான். ரோபோ என்றும் கணினி என்றும் அவர் அறியாத பெயர்களை அவர்மீது சுமத்துவது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

துபாயில் 2005இல் திறக்கப்பட்ட இப்னு பதூதா வணிக வளாகத்தில் யானைக் கடிகாரத்தின் பெரிய உருவம் ஒன்றை அமைத்தனர். பிழைப்புக்காக அங்குச் சென்ற நம் குடும்பங்கள் பல அதனருகில் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டுள்ளன. அப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, யானையின் வயிற்றுக்குள் மூழ்கும் கிண்ணத்தைப் பற்றியும் நாம் சொல்வோமாக. அடியில் துளையிட்ட ஒரு சிறு கிண்ணத்தையும் ஒரு வாளி நீரையும் கொடுத்து, அது எத்தனை நேரத்தில் மூழ்குகிறது என்று அவர்களையே அளந்து எழுதச் சொல்வோமாக.