பிரிகடெய்ரோ

பிரிகடெய்ரோ பிரேசில் நாட்டு வீட்டு இனிப்பு. கண்டென்ஸ்டு மில்க், கோகோ தூள், வெண்ணெய் மூன்றையும் அடுப்பில் வைத்துக் கிளறி, ஆறியபின் சிறு உருண்டைகளாகப் பிடித்து, சாக்லேட் வெர்மிசெல்லியில் புரட்டி, நெளிநெளியான காகிதக் கிண்ணங்களில் அடுக்கிவைப்பார்கள். பிரேசிலில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்தை இது இல்லாமல் நினைத்துப் பார்ப்பது கடினம். ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், மாவு வேண்டாம், அளவு பார்க்கத் தராசுகூட வேண்டாம். ஒரு வாணலி, ஒரு மரக்கரண்டி, பத்து நிமிடப் பொறுமை போதும். வீட்டில் செய்யும் சாக்லேட் இனிப்புகளில் இதைவிட எளியதைக் காண்பது அரிது. ஆனால் பதம் தவறினால் இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிக்கொடுப்பதும் அரிது.

பெயரும் தேர்தலும்

பிரிகடெய்ரோ என்பது பிரேசில் விமானப்படையில் ஒரு பதவி. இனிப்புக்கு அந்தப் பெயர் வந்தது அப்பதவியில் இருந்த எதுவார்டோ கோமெஸால் (1896–1981). 1922 ஜூலை 5 அன்று ரியோ டி ஜெனீரோவின் கோபகபானா கோட்டையில் இளம் ராணுவ அதிகாரிகள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கடற்கரைச் சாலையில் அரசுப் படையை நேருக்கு நேர் சந்திக்க நடந்துபோன சிறு கூட்டத்தில் கோமெஸும் இருந்தார். பலர் அங்கேயே மடிந்தனர். அவர் படுகாயத்துடன் பிழைத்தார். பின்னர் ராணுவ விமான அஞ்சல் சேவையை வளர்த்துப் பெயர் பெற்றார்.

1945 அக்டோபரில் ஜெதூலியோ வர்காஸின் நீண்ட ஆட்சி முடிவுக்கு வந்தது. டிசம்பர் 2 அன்று அதிபர் தேர்தல். வர்காஸை எதிர்த்தவர்கள் திரண்ட தேசிய ஜனநாயக ஒன்றியம் கோமெஸை நிறுத்தியது. பிரேசில் பெண்களுக்கு 1932-இல் வாக்குரிமை கிடைத்திருந்தாலும், அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க அவர்கள் வாக்களித்தது இந்தத் தேர்தலில்தான் முதன்முறை. கோமெஸுக்காக ஓடியாடி வேலை செய்த பெண்கள், பிரசாரச் செலவுக்குப் பணம் திரட்ட இந்த உருண்டையைச் செய்து விற்றார்கள் என்றும், பிரிகடெய்ரோவின் இனிப்பு என்று கேட்டு வாங்கிய பழக்கத்தில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வார்கள். இனிப்பில் முட்டை சேராததை அவருடைய 1922-ஆம் ஆண்டுக் காயத்தோடு முடிச்சுப்போடும் கொச்சையான வேடிக்கைக் கதை ஒன்றும் உலவுகிறது. அது வெறும் கேலி.

தேர்தலில் கோமெஸ் தோற்றார். எயுரிக்கோ காஸ்பர் துத்ரா சுமார் 55 விழுக்காடு வாக்குகளுடன் அதிபரானார். கோமெஸுக்குக் கிடைத்தது சுமார் 35. 1950-இல் மீண்டும் நின்று, இம்முறை வர்காஸிடமே தோற்றார். பின்னாளில் இருமுறை விமானத்துறை அமைச்சராக இருந்தார். அமேசான் காட்டுப் பகுதி நகரான மனாவுஸின் பன்னாட்டு விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனாலும் பிரேசில்காரர்கள் அவருடைய பதவிப் பெயரை உச்சரிப்பது பெரும்பாலும் இனிப்புத் தட்டைப் பார்த்துத்தான்.

பெயர் அந்தத் தேர்தலோடு வந்தது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பண்டமும் அப்போதுதான் பிறந்ததா என்பது வேறு கேள்வி; அதற்கு முன்பே வேறு பெயரில் இருந்தது என்பாரும் உண்டு. தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் இதே உருண்டையை இன்றும் நெக்ரின்யோ என்றுதான் சொல்கிறார்கள். அது வர்காஸின் சொந்த மாநிலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டின் பாலின் பங்கு

போர்ச்சுகல் வழியாக பிரேசிலுக்கு வந்த பழைய இனிப்புகள் பெரும்பாலும் முட்டையின் மஞ்சள் கருவையும் சர்க்கரைப் பாகையும் நம்பியவை. போர்ச்சுகீசியக் கன்னிமாடங்களில் கன்னியர் வளர்த்தெடுத்த கலை அது. பிரேசிலின் கிண்டிம் அந்த மரபில் வந்தது. மஞ்சள் கரு, தேங்காய், சர்க்கரை மூன்றும் சேர்ந்து பளபளவென்று நிற்கும். அதற்குக் கூடை நிறைய முட்டையும் கைதேர்ந்த சமையல்காரியும் வேண்டும்.

கண்டென்ஸ்டு மில்க் அந்த இரண்டையும் தேவையில்லாமல் ஆக்கியது. அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிரேசிலுக்கு முதலில் இறக்குமதியாக வந்த டின்னின் மேல் பால் குடம் சுமந்த ஒரு பெண்ணின் படம் இருந்தது. மக்கள் அந்தப் பெண்ணைச் சொல்லியே டின்னைக் கேட்டு வாங்க, லெய்ச்சி மோசா என்பது வணிகப் பெயராகவே நிலைத்தது. நெஸ்லே நிறுவனம் 1921-இல் சாவோ பாவ்லோ மாநிலத்தின் அராராஸ் ஊரில் தன் முதல் பிரேசில் தொழிற்சாலையைத் திறந்தது. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் மில்க்மெய்ட் என்று விற்பது இதே நிறுவனத்தின் இதே பண்டம்தான்.

குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பாலாக நுழைந்தது, நாளடைவில் இனிப்புச் சமையலின் அடிப்படைப் பொருளாக மாறியது. டின் உறைகளிலும் சிறு கையேடுகளிலும் நிறுவனம் அச்சிட்ட செய்முறைகள் அதற்குப் பெரிதும் உதவின. இரண்டாம் உலகப் போர்க் காலத் தட்டுப்பாடும் டின்னின் பக்கம் மக்களைத் தள்ளியது என்பார்கள். பிரிகடெய்ரோவைப் பெற்றது யார் என்ற போட்டியில் என் வாக்கு தளபதிக்கு அல்ல, டின்னுக்கு.

அடுப்பில் நடப்பது என்ன

சாக்லேட் இனிப்பு என்று பெயர் எடுத்தாலும், செய்முறையைப் பார்த்தால் இது கோகோ சேர்த்த பால் இனிப்புதான். வெப்ப நாட்டு வீடுகளில் இது செழித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அசல் சாக்லேட் பளபளப்பாகவும், உடைத்தால் சடக்கென்று உடையும்படியும் உறைய வேண்டுமானால் அதிலுள்ள கோகோ வெண்ணெய் குறிப்பிட்ட ஒரு படிக வடிவில் இறுக வேண்டும். கோகோ வெண்ணெய்க்குப் படிக வடிவங்கள் ஆறு, வேண்டியது ஐந்தாவது. அது உருகுவது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில். அதற்காகச் சாக்லேட்டை உருக்கி, குளிர்வித்து, திரும்ப 31, 32 டிகிரிக்குச் சூடாக்கிக் கையாள்வதை டெம்பரிங் என்பார்கள். அறையே 33 டிகிரியில் கொதிக்கும் ஊரில் அது குளிர்சாதன அறை கேட்கும் வேலை. பிரிகடெய்ரோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதைத் தாங்கிப் பிடிப்பது கோகோ வெண்ணெய் அல்ல. சுண்டிய பாலின் புரதமும் சர்க்கரையும்.

395 கிராம் டின்னில் ஏறத்தாழ நூறு கிராம் நீர் இருக்கும். பாலின் லாக்டோஸையும் சேர்த்தால் மொத்த எடையில் பாதிக்குமேல் சர்க்கரை. கிளறக் கிளற நீர் வற்றுகிறது. பால் புரதமும் லாக்டோஸும் சூட்டில் வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. பால்கோவாவுக்கு மணம் தருவதும் இதே வினைதான். அங்கு மணிக்கணக்கில் நடக்கும் சுண்டலின் பெரும்பகுதியை இங்கு தொழிற்சாலை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிடுகிறது. கோகோ தூளின் மாவுச்சத்தும் நாரும் மீதி நீரை உறிஞ்சிக் கலவையை இறுக்குகின்றன. கோகோவைக் குறைத்தால் கசப்பு குறைவதோடு உருண்டையும் தளர்ந்துபோவது இதனால்தான்.

செய்முறையும் பதமும்

ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்குக்கு மூன்று மேசைக்கரண்டி கோகோ தூள், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு பழைய செய்முறைகளில் இருக்காது; போட்டால் திகட்டல் குறைகிறது. கோகோவைச் சலித்து, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். சூடான பாலில் தூவினால் கட்டி கட்டியாக நின்று கடைசிவரை கரையாது.

அடிகனமான அகன்ற பாத்திரத்தில் வெண்ணெயுடன் சேர்த்துச் சிறு தீயில் வைத்து, கைவிடாமல் கிளற வேண்டும். கரண்டி பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் தொட்டுக்கொண்டே போக வேண்டும்; சர்க்கரையும் பாலும் இருப்பதால் ஒரு நொடி அசந்தாலும் அடிப்பிடிக்கும். ஆறேழு நிமிடத்தில் கலவை கெட்டியாகிக் கொப்பளிக்கும். அப்போது கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால், கலவை மூடிக்கொள்ளும் முன் பாத்திரத்தின் அடி ஓரிரு நொடி தெரியும். கரண்டியால் அள்ளிச் சாப்பிட இந்தப் பதம் போதும். உருண்டை பிடிக்க இன்னும் சற்றுப் போக வேண்டும்: பாத்திரத்தைச் சாய்த்தால் கலவை முழுவதும் சுருண்டு, ஒட்டாமல், ஒரே திரளாக வழுக்கி வர வேண்டும். அல்வா கிளறிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து நிமிடம் என்று செய்முறைகள் சொல்வது சராசரிக் கணக்கு. தீயும் பாத்திரமும் மாறினால் நேரமும் மாறும்; கடிகாரத்தை நம்பாமல் அடியைப் பார்க்க வேண்டும்.

வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டும்போது அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சேர்க்கக் கூடாது. மேலே ஆடை படியாமல் இருக்க வெண்ணெய்த் தாளையோ மெல்லிய பிளாஸ்டிக் உறையையோ பரப்பின்மீது படும்படி போட்டு மூடுவார்கள். நன்றாக ஆற இரண்டு மணி நேரமாவது ஆகும். கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, சுமார் 15 கிராம் அளவுக்குக் கிள்ளி உருட்டினால் ஒரு டின்னுக்கு இருபத்தைந்து உருண்டை வரும்.

ஆறியபின் உருட்ட வராமல் தட்டையாகப் படுத்துவிட்டால் பதம் போதவில்லை. மறுபடி அடுப்பில் ஏற்றலாம். கல் போல் இறுகிவிட்டால் ஓரிரு கரண்டி பால் ஊற்றி இளந்தீயில் இளக்கலாம். தீய்ந்த வாடைக்கு மட்டும் மருந்து கிடையாது. தின்னும்போது மணல் போல் நறநறத்தால், அளவுக்கு மீறி வற்றியதாலோ ஓரத்தில் காய்ந்த சர்க்கரையைச் சுரண்டிக் கலந்ததாலோ சர்க்கரை பூத்துவிட்டது என்று பொருள்.

உறவுக்காரர்கள்

இந்த உருண்டை விருந்து மேசைக்குத் தனியாக வருவதில்லை. கோகோவுக்குப் பதில் தேங்காய்த் துருவல் போட்டு, தேங்காயிலோ சர்க்கரையிலோ புரட்டி, உச்சியில் ஒரு கிராம்பு குத்தினால் அது பெய்ஜின்யோ. வேர்க்கடலைப் பொடி சேர்த்து முந்திரிப்பழ வடிவில் பிடித்து, தலையில் ஒரு கடலை வைத்தால் கஜுஸின்யோ. வெள்ளையும் கறுப்பும் பாதிப்பாதி ஒட்டிய உருண்டையும் உண்டு. உலர்ந்த பிளம்ஸ் பழத்தைப் பிளந்து தேங்காய் இனிப்பு அடைத்த ஒன்றுக்கு மாமியார் கண் என்று பெயர். மருமகள்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முட்டை சேர்த்து, நடுவில் துளையுள்ள அச்சில் ஊற்றி, வெந்நீர்த் தட்டில் வைத்து வேகவைக்கும் பிரிகடெய்ரோன் பெயரில் மட்டும் உறவு, பதத்தில் புட்டிங்.

விருந்தில் பாட்டுப் பாடி கேக் வெட்டிய பிறகே உருண்டைகளில் கைவைக்க வேண்டும் என்பது முறை. அதற்கு முன்பே தட்டின் பின்வரிசையில் நாலைந்து காணாமல்போவதும் கிட்டத்தட்ட முறையே. விருந்து ஏதும் இல்லாத மாலைகளில் உருட்டும் வேலையையே விட்டுவிட்டு, ஆறியும் ஆறாததுமாக வாணலியிலிருந்தே கரண்டியால் சாப்பிடுகிறார்கள்.

2000-களின் பிற்பகுதியில் சாவோ பாவ்லோவில் பிரிகடெய்ரோவுக்கென்றே தனிக் கடைகள் வந்தன. அடர்ந்த சாக்லேட், பாலாடை, பிஸ்தா, காபி, பிரேசில் கரும்புச் சாராயமான கஷாசா என்று சேர்மானங்கள் பெருகின, விலையும் பெருகியது. வீட்டில் செய்து விற்றுப் பிழைக்கும் பெண்கள் பலருக்கு இது வருமான வழியானது. பாலாடை சேர்த்தால் உருண்டை மென்மையாகிறது. ஆனால் பல்லில் இழுபடும் அந்தப் பழைய தன்மை போய்விடுகிறது. என் கணிப்பில் அது லாபமல்ல, நட்டம்.

தமிழ்நாட்டு அடுப்பில்

இங்கே இதைச் செய்யத் தடை எதுவும் இல்லை. முட்டை சேராததால் சைவ வீடுகளுக்கும் பொருந்தும். உள்ளூர் டின்கள் பிரேசில் அளவைவிடச் சற்றுக் குறைவாகவோ கூடவோ இருக்கலாம். கோகோ அளவை மாற்ற வேண்டியதில்லை. உப்பு சேர்த்த வெண்ணெயானால் சிட்டிகை உப்பை விட்டுவிடலாம். சாக்லேட் வெர்மிசெல்லி கிடைக்காவிட்டால் கோகோ தூளிலோ வறுத்துப் பொடித்த முந்திரியிலோ புரட்டலாம். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்தால் ஓரிரு நாள், குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். குளிர்பெட்டியில் வைத்ததைப் பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கடிக்க இறுக்கமாக இருக்கும்.

கவனம் வேண்டியது கோகோ வாங்குவதில்தான். பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட் பானத் தூளைப் போட்டுக் கிளறினால் வெறும் சர்க்கரை உருண்டைதான் மிஞ்சும். டின்னில் இருக்கும் இனிப்பே அதிகம். பொட்டலத்தின் பின்புறம் சேர்பொருள்களில் சர்க்கரை என்று போட்டிருந்தால் அதை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு, கோகோ மட்டும் உள்ள பொட்டலத்தை எடுங்கள்.