மணலும் திண்ணையும்

சேரன்மாதேவியில் தாமிரபரணி மணலில் விரலால் எழுதிப் படித்தவர் என் தாத்தா. அரைக்காலில் அரைக்கால் எவ்வளவு என்றால் உடனே 'கால்வீசம்' என்பார். 1/64 என்று சொல்ல, வங்கிக் குமாஸ்தாவான எனக்குக் காகிதம் வேண்டும். ஆனாலும் அதை வெறும் உருப்போடுதல் என்றே நெடுநாள் ஏளனம் செய்திருக்கிறேன்.

1789-ல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் இதை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. ஓர் ஆசிரியர் பல நூறு பேரைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம் அங்கே கவர்ந்தது.

எனக்கோ மணல்தான் முக்கியம். மணலில் எழுத்து நிற்காது. அழிந்ததை மனசிலிருந்துதான் மீட்க வேண்டும். 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் சோதித்ததில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. வகுப்பில் நாம் இன்னும் வாசிக்கத்தான் சொல்கிறோம்.

இதற்காகத் திண்ணையைக் கொண்டாட முடியவில்லை. உடன் படித்தவர்கள் யார் யார் என்று தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். பதினோரு பெயர்களை வாய்ப்பாடு போல ஒப்பித்தார். அத்தனை பேரும் எங்கள் தெருக்காரர்கள்.