புவிநடுக்கப் பதிவும் பிளவுத்தளமும்: ஒரு வரலாற்று நோக்கு

பாறைப் படைகள் முறிந்து, முறிந்த பகுதிகள் ஒன்றையொன்று உரசி இடம்பெயர்ந்த தளத்தை எமது பாடநூல்கள் 'குறை' என்றும் 'பிளவு' என்றும் வழங்கும். நிலத்தின் மேற்பரப்பிலே இத்தளம் ஒரு கோடாக மட்டுமே தென்படும். பத்து, இருபது கிலோமீற்றர் ஆழத்தில் அது எவ்வாறு சாய்ந்துள்ளது, எவ்வளவு தடிப்புடையது, அதன் எப்பகுதி பூட்டுண்டு கிடக்கின்றது, எப்பகுதி வழுக்குகின்றது என்பனவற்றைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். அவற்றைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி புவிநடுக்கப் பதிகருவிகள் வரைந்த கோடுகளிலிருந்து பெறப்பட்டதாகும். இவ்வறிவின் வளர்ச்சியைப் பெயர்பெற்ற விஞ்ஞானிகளின் வரிசையாகக் கூறிச் செல்வதே வழக்கம். அப்பதிவுகள் யாருக்காக, எத்தேவையை முன்னிட்டு எடுக்கப்பட்டன என்ற வினாவையும் சேர்த்தே நாம் இங்கு நோக்க விழைகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பிளவு என்பது புவிநடுக்கத்தின் காரணமா, விளைவா என்பதே தெளிவுபெறாதிருந்தது. நிலத்தினடியில் நிகழும் எரிமலை வெடிப்பு அல்லது குகைகளின் சரிவு நிலத்தை அதிர்விக்கின்றது என்றும், அவ்வதிர்ச்சியால் மேற்பரப்பு வெடிக்கின்றது என்றும் பலர் கருதினர். 1891 ஒக்ரோபர் 28இல் மத்திய யப்பானின் மினோ-ஓவாரிப் பிரதேசத்தில் ஏற்பட்ட பெருநடுக்கத்திலே ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நியோ பள்ளத்தாக்கிலே வயல்களையும் பாதைகளையும் அறுத்துக்கொண்டு ஓடிய பிளவு, மிதோரி என்னுமிடத்தில் நிலத்தை ஏறக்குறைய 6 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாகப் பெயர்த்திருந்தது. அதனை நேரிற் கண்டாய்ந்த கொத்தோ புஞ்ஜிரோ, பிளவின் பெயர்ச்சியே நடுக்கத்தின் காரணம் என 1893இல் எழுதினார். களத்திலே கால்நடையாகச் சென்று பெற்ற முடிபு இது. கருவி காட்டிய முடிபன்று.

கருவிகளும் அக்காலத்தில் யப்பானிலேயே உருப்பெற்றுக்கொண்டிருந்தன. மெய்ஜி அரசு நவீன தொழினுட்பக் கல்வியின் பொருட்டு வரவழைத்த ஜோன் மில்ன், யூவிங், கிறே ஆகிய ஆங்கிலேய, ஸ்கொத்லாந்து ஆசிரியர்கள் 1880ஆம் ஆண்டின் யோக்கோகாமா நடுக்கத்தின் பின்னர் ஒரு புவிநடுக்கவியற் சங்கத்தை நிறுவிப் பதிகருவிகளைச் செப்பனிட்டனர். 1889 ஏப்ரிலில் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரில், நிலத்தின் மிக நுண்ணிய சாய்வுகளை அளப்பதற்கென அமைக்கப்பட்டிருந்த ஊசலொன்று காரணமின்றி அசைந்தது. யப்பானில் நிகழ்ந்த நடுக்கத்தின் அலைகளே புவியின் ஊடாக வந்து அதனை அசைத்தன என்பதை ரெபூர்-பஷ்விற்ஸ் உணர்ந்தார். உலகின் எம்மூலையில் நிகழும் முறிவையும் வேறோர் மூலையிலிருந்து ஆராயலாம் என்பது அன்றே உறுதியாயிற்று. இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஒல்ட்ஹாம், 1897ஆம் ஆண்டின் அசாம் நடுக்கத்தை ஆராய்ந்ததைத் தொடர்ந்து, பதிவுகளில் முதலலை, இரண்டாம் அலை, மேற்பரப்பலை என்பனவற்றைப் பிரித்துக் காட்டினார். காலனித்துவ ஆட்சியின் அளவைப் பணி இவ்வாறு அதன் நோக்கத்துக்குப் புறம்பான பயனையும் தந்தது.

1906 ஏப்ரில் 18இல் கலிபோர்னியாவின் சான் அன்ரியாஸ் பிளவு 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு முறிந்தது. அதற்கு முன்னும் பின்னும் செய்யப்பட்ட முக்கோண நில அளவைகளை ஒப்பிட்ட ஹரி ரீட், பிளவின் இருமருங்குமுள்ள பாறை நெடுங்காலமாக வளைந்து சக்தியைச் சேமித்துப் பின்னர் ஒருகணத்தில் மீள்கின்றது என 1910இல் விளக்கினார். மீள்தன்மை மீட்சிக் கொள்கை எனப்படும் இது இன்றும் அடிப்படையாக நிலைபெற்றுள்ளது. ஆயின், நிலத்தின் மேல் முறிவைக் காட்டாத எண்ணற்ற நடுக்கங்களுக்கும் இது பொருந்துமா என்பதை நில அளவையாற் கூறமுடியாது. அங்கேதான் பதிவுகள் தேவைப்பட்டன.

கியோட்டோவைச் சேர்ந்த ஷிடா, 1917இல் நிகழ்ந்த நடுக்கமொன்றின் பதிவுகளை நிலப்படத்தில் இட்டபோது ஓர் ஒழுங்கைக் கண்டார். முதல் அலை வந்தடையும் கணத்தில் சில நிலையங்கள் வெளிநோக்கித் தள்ளப்பட்டிருந்தன. சில நிலையங்கள் மையத்தை நோக்கி இழுக்கப்பட்டிருந்தன. இவ்விரு வகையும் செங்குத்தாக வெட்டும் இரு கோடுகளால் நான்கு காற்பகுதிகளாகப் பிரிந்து நின்றன. அவ்விரு கோடுகளுள் ஒன்று பிளவுத்தளம். மற்றையது எது? முதலலையின் திசை மட்டும் இதனைத் தீர்க்காது. ஏனெனில் இரு தளங்களில் எதனைப் பிளவாகக் கொண்டாலும் அவ்வமைப்பு மாறாது.

இவ்விடத்திலே எழுந்த விவாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அது உரிய கவனத்தைப் பெறவில்லை என்றே நாம் கருதுகின்றோம். பிளவின் இருபுறமும் எதிரெதிர்த் திசையில் இழுபடுவதால், ஓரிணை விசை போதுமென மேற்குலகில் பலர் கொண்டனர். பார்வைக்கு அது இயல்பானதே. ஆயின் ஓரிணை விசை தனித்து நின்றால் புவிக்கு ஒரு சுழற்சியைத் தரவேண்டும். தானாகவே முறியும் பாறையில் அத்தகைய சுழற்சி எங்கிருந்து வரும்? ஹொண்டா முதலிய யப்பானிய ஆய்வாளர் இரண்டாம் அலையின் பதிவுகளைக் கொண்டு ஈரிணை விசையை வலியுறுத்தினர். சோவியத் ஒன்றியத்தில் விவெதென்ஸ்காயா என்ற பெண் ஆய்வாளர், பெயர்ச்சிக் கோட்பாட்டைப் பிளவுக்குப் பிரயோகித்து அதே முடிபுக்கு 1956இல் வழிகோலினார். 1963இல் மருயாமாவும் 1964இல் பறிட்ஜ், நொபோவ் ஆகியோரும் பிளவுத்தளத்தில் நிகழும் வழுக்கல் கணித அளவில் ஈரிணை விசைக்குச் சமம் என நிறுவியதும் விவாதம் ஓய்ந்தது. ஆங்கில நூல்கள் பெரும்பாலும் இறுதிப் பெயர்களையே முன்னிறுத்துகின்றன. வடாதி 1920களின் இறுதியில் உறுதிசெய்த ஆழ்நடுக்கங்கள் அமையும் சாய்தளமும் நெடுங்காலம் பெனியொவின் பெயராலேயே வழங்கிற்று. இருவர் பெயரையும் சேர்த்து வழங்குவது பின்வந்த திருத்தமே.

கோட்பாடு தெளிந்தபோதும் பதிவுகள் போதா. நிலையத்துக்கு நிலையம் கருவி வேறுபட்டது, கடிகாரங்கள் ஒத்துநிற்கவில்லை. இக்குறையை நீக்கியது அணுகுண்டு. 1958இல் ஜெனீவாவில் கூடிய நிபுணர்கள், நிலத்தடி அணுவெடிப்பைப் புவிநடுக்கத்திலிருந்து எவ்வாறு பிரித்தறிவது என்ற வினாவை எதிர்கொண்டனர். வெடிப்பு எல்லாத் திசையிலும் வெளிநோக்கித் தள்ளும். பிளவு நான்கு காற்பகுதிகளாகத் தள்ளியும் இழுத்தும் நிற்கும். ஷிடாவின் நிலப்படம் இவ்வாறு இராசதந்திரப் பிரச்சினையாயிற்று. அதுவரை அற்ப நிதியில் இயங்கிய ஒரு துறைக்கு ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் பெருந்தொகை ஒதுக்கியது. 1961 முதல் ஒரே வகையான கருவிகளைக் கொண்ட ஏறத்தாழ 120 நிலையங்கள் அறுபதளவிலான நாடுகளில் நிறுவப்பட்டன; கொடைக்கானலும் அவற்றுள் ஒன்று. பதிவுகள் படச்சுருளில் பிரதியெடுக்கப்பட்டு, கேட்கும் ஆய்வாளர் எவருக்கும் சிறு செலவிற் கிடைத்தன. சோவியத் ஒன்றியமும் சீனாவும் இவ்வலையமைப்பிற் சேரவில்லை. போர் ஆயத்தத்துக்கென ஒதுக்கப்பட்ட பணம் அறிவை வளர்த்தது என்று மகிழ்வதா, அறிவு வளர்வதற்கு அத்தகைய பணத்தையே நம்பியிருக்க வேண்டிய ஏற்பாட்டைக் கேள்விக்குட்படுத்துவதா? இரண்டும் ஒருங்கே செய்யத்தக்கன.

அதன் முதற்பெரும் பயன் சமுத்திரத்தின் அடியிலிருந்து கிட்டிற்று. அத்திலாந்திக் நடுமுகடு பல இடங்களில் முறிந்து விலகியிருப்பது போல் தோன்றும். முகடு ஒருகாலத்தில் தொடர்ந்திருந்து பின்னர் பெயர்க்கப்பட்டதெனின், பிளவின் இருபுறமும் அவ்விலகலின் திசையிலேயே நகரவேண்டும். முகட்டிலிருந்து புதிய தரை இருபுறமும் விரிகின்றதெனின், இரு முகட்டுத் துண்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் நகர்வு அதற்கு நேர்மாறாக இருக்கும் என ரூசோ வில்சன் 1965இல் எதிர்வுகூறினார். லமொன்ற் ஆய்வகத்தின் லின் சைக்ஸ் புதிய நிலையங்களின் பதிவுகளிலே முதலலையின் திசையை வாசித்து, நகர்வு வில்சன் கூறியவாறே உள்ளதென 1967இல் வெளியிட்டார். நடுக்கங்களும் பெரும்பாலும் அவ்விடைப்பகுதியிலேயே செறிந்திருந்தன. கண்ட நகர்வை ஏற்க மறுத்த பலர் இதன்பின் மனம்மாறினர். சோவியத் அறிஞர் பெலூசொவ் மாறவில்லை. முற்போக்கான அரசொன்றின் விஞ்ஞானி என்பது எவரையும் பிழையான நிலைப்பாட்டிலிருந்து காப்பதில்லை.

அடுத்த கட்டம் பிளவின் உள்ளமைப்பு. பிளவையொட்டிய பாறை நொறுங்கியிருப்பதால் அதில் அலையின் வேகம் குறையும். இருபுறமும் உறுதியான பாறை நிற்க, மெதுவான அந்நடுவில் அலை சிறைப்பட்டு, நீர் வாய்க்காலில் ஓடுவது போலப் பிளவின் நீளத்துக்கு ஓடும். பிளவின் மேலே வைத்த கருவியில் இது நீண்ட, மெதுவான அதிர்வாகப் பதியும். சில நூறு மீற்றர் விலகி வைத்த கருவியிற் பதியாது. கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பகுதியில் 1992இல் நிகழ்ந்த நடுக்கத்தின் பின்னர் இம்முறையால் நொறுங்கிய வலயத்தின் அகலம் 100 முதல் 200 மீற்றர்வரை எனக் கணிக்கப்பட்டது. பார்க்பீல்டில் 2004 முதல் 2007 வரை சான் அன்ரியாஸ் பிளவினூடாக ஏறக்குறைய 3 கிலோமீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டபோது, ஏறத்தாழ 200 மீற்றர் அகலமான சேதவலயமும், அதனுள்ளே உண்மையில் வழுக்கும், களிமண் கனிமங்கள் நிறைந்த இரு படலங்களும் காணப்பட்டன. ஒன்று 1.6 மீற்றர், மற்றையது 2.6 மீற்றர். அங்கு 1993ஆம் ஆண்டுக்கு முன்னர் வரும் என அறிவிக்கப்பட்ட நடுக்கமோ 2004 செப்ரெம்பர் 28இலேயே வந்தது. அமைப்பை அறிவது வேறு, நாள் குறிப்பது வேறு.

2004 டிசெம்பர் 26ஆம் நாளின் பதிவு எமக்கு நெருக்கமானது. இலங்கை நேரம் காலை 6.59 அளவில் சுமாத்திராவின் வடமேற்கே தொடங்கிய முறிவு, அந்தமான் தீவுகள்வரை ஏறத்தாழ 1300 கிலோமீற்றருக்கு, செக்கனுக்கு 2.8 கிலோமீற்றர் வேகத்தில் எட்டு நிமிடமளவில் ஓடியது என்பதை, உள்நாட்டுச் சிறுநடுக்கங்களுக்கென யப்பான் அமைத்த எழுநூறளவிலான கருவிகளின் பதிவுகளைப் பின்னோக்கிக் கூட்டி ஆய்வாளர்கள் 2005இல் காட்டினர். முதற் சில நிமிடங்களில் வெளியான கணிப்பு 8 அளவினதாகவே இருந்தது. நீண்ட காலவட்டமுடைய அலைகளைக் கொண்டு செய்த பிந்திய கணிப்புகள் அதனை 9க்கு மேல் உயர்த்தின. கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலை நிலையத்தில் நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் மேலுங்கீழுமாக அசைந்தமை பதிவாகியுள்ளது. அவ்வலைகள் சுமாத்திராவிலிருந்து இத்தீவை அடையப் பத்து நிமிடங்கூட எடுக்கவில்லை. கடல் கீழ்க்கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பசுபிக் சமுத்திரத்தில் 1949 முதல் இருந்துவந்த எச்சரிக்கை ஏற்பாட்டைப் போன்றதொன்று இந்துசமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்தீவில் மாண்டனர். பல்லேகலையின் பதிவு, முறிவின் முழு அளவை விளக்கும் ஆய்வுகளில் அடுத்த ஆண்டு இடம்பெற்றது.