சப்ரகமுவ சரளையும் தோரியத்தின் வரலாறும்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி, பலாங்கொடை வட்டாரங்களில் ஆற்றுப் படுகைகளுக்கு அடியிலும் வயல்களுக்கு அடியிலும் சரளை படிந்து கிடக்கிறது. நீலமும் பிற மாணிக்கக் கற்களும் தேடுவோர் குழி தோண்டி அந்தச் சரளையை எடுத்து, கூடையிலிட்டுத் தண்ணீரில் அலசுவது பழந்தொழில். அலசும்போது மணலும் களிமண்ணும் கழிந்து, எடை மிகுந்தவை கூடையின் அடியில் தங்கும். அப்படித் தங்கியவற்றுள் கன சதுர வடிவில் விளிம்பு தேய்ந்த சிறு கருங்கற்களும் இருந்தன. ஒளியோ நிறமோ இல்லாத அவற்றுக்கு மாணிக்கச் சந்தையில் மதிப்பு ஏதுமில்லை.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர் ஆனந்த குமாரசுவாமி. சர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர் பின்னாளில் கலை வரலாற்று அறிஞராக உலகப் புகழ் பெற்றார். அவர் பயின்றதும் முதலில் பணி செய்ததும் நிலவியலில் என்பது அந்தப் புகழில் மறைந்துபோயிற்று. 1904-இல் இந்தக் கருங்கல்லை அவர் யுரேனியத் தாதுவான யுரேனினைட் என்று விவரித்தார். லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் விண்டம் டன்ஸ்டன் அதைப் பகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காடு தோரியம் ஆக்சைடாக இருந்தது. எனவே அதைப் புதுக் கனிமமாக அறிவித்து, தோரியனைட் எனப் பெயரிட்டார்.

அந்நாளில் தோரியத்துக்குச் சந்தை இருந்தது. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய எரிவாயு விளக்கின் மேன்டில், 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கு அது தேவைப்பட்டதால், தோரியம் தரும் மோனசைட் மணலைத் தேடி வணிகர்கள் அலைந்தனர். ஜெர்மானியரான ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை 1909-இல் கண்டறிந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் அதைத் தொடர்ந்தே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. இலங்கைத் தோரியனைட்டில் தோரியம் மோனசைட்டைவிடப் பல மடங்கு செறிவானது. ஆனால் கிடைத்த அளவு சிறியது. மேன்டில் தொழிலில் அது பெரிய இடம் பெறவில்லை. அணுவைப் பற்றிய ஆராய்ச்சியில் அதற்கு வாய்த்த இடமோ மிகப் பெரியது.

தோரியம் கதிர்வீச்சை வெளியிடுகிறது என்பதை 1898-இல் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டனர். கதிர்களில் வகைகள் உண்டு என்பதும் விரைவில் தெளிவாயிற்று. எளிதில் தடுக்கப்படுவதை ஆல்ஃபா என்றும், அதைவிட ஆழமாக ஊடுருவுவதை பீட்டா என்றும் எர்னெஸ்ட் ரதர்ஃபோர்டு 1899-இல் பிரித்துப் பெயரிட்டார். இவ்விரண்டையும் விஞ்சி ஊடுருவும் காமா கதிரை 1900-இல் பால் வில்லார் கண்டார். மொன்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரதர்ஃபோர்டும் ஃபிரெடெரிக் சாடியும் தோரியச் சேர்மங்களைக் கொண்டே ஆய்ந்து, கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் வேறொன்றாக மாறுகிறது என்று 1902-இல் நிறுவினர். தனிமம் மாறாது என்ற வேதியியலின் அடிப்படை நம்பிக்கை அதோடு சரிந்தது. ஆல்ஃபா துகள் ஹீலியம் அணுவின் மின்னூட்டம் பெற்ற வடிவமே என்பதும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உறுதியாயிற்று. தோரியனைட்டைச் சூடாக்கினால் ஹீலியம் மிகுதியாக வெளிவருவதன் காரணமும் அதுவே: பாறைக்குள் நெடுங்காலம் வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்கள் வாயுவாக அங்கேயே அடைபட்டுக் கிடந்தன.

1904 இலையுதிர்காலத்தில் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்தில் சேர்ந்தார். தோரியனைட்டிலிருந்து பெறப்பட்ட பேரிய உப்பைக் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரிக்கும்படி ராம்சே சொன்னார். அந்த வேலையின் நடுவே, தோரியத்துக்குரிய வாயுவை வெளியிடும், தோரியத்தைவிடப் பன்மடங்கு வீரியமான ஒரு பொருள் ஹானுக்கு அகப்பட்டது. 1905-இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். பெர்லினுக்குச் சென்ற பின், தோரியத்துக்கும் அதற்கும் இடையே இருக்க வேண்டிய மீசோதோரியத்தை 1907-இல் கண்டறிந்தார்.

இங்கேதான் வேதியியலர்கள் திகைத்தனர். ரேடியோதோரியத்தைத் தோரியத்தோடு கலந்துவிட்டால் எந்த வேதிமுறையாலும் மீண்டும் பிரிக்க முடியவில்லை. மீசோதோரியமும் ரேடியமும் அவ்வாறே ஒன்றின. கைத்திறன் போதவில்லை என்றே பலரும் எண்ணினர். பிரிக்க முடியாமைக்குக் காரணம் அவை வேதியியல் நோக்கில் ஒரே தனிமமாக இருப்பதே என்ற முடிவுக்கு 1910 வாக்கில் சாடி வந்தார். தோல்வியை விடையாகவே படித்த இந்தத் துணிவு அவ்வரலாற்றின் உயர்ந்த கட்டம். 1913-இல் அவற்றுக்கு ஐசோடோப்பு என்ற பெயர் வந்தது. ஆல்ஃபா வெளிப்பட்டால் தனிமம் அட்டவணையில் இரண்டு இடம் பின்னுக்கும், பீட்டா வெளிப்பட்டால் ஓரிடம் முன்னுக்கும் நகரும் என்ற விதியும் அதே ஆண்டில் வடிவம் பெற்றது. அதை வகுத்ததில் சாடியோடு காசிமிர் ஃபாயன்ஸுக்கும் பங்குண்டு.

விதி சரியென்றால் தோரியமும் யுரேனியமும் சிதைந்து இறுதியில் ஈயமாக வேண்டும். ஆனால் இரண்டின் ஈயத்துக்கும் எடை ஒன்றாக இராது: யுரேனியத்தின் ஈயம் 206 அருகிலும், தோரியத்தின் ஈயம் 208 அருகிலும் அமைய வேண்டும். சாதாரண ஈயத்தின் அணு எடையோ 207.2. இதைச் சோதிக்க யுரேனியம் குறைந்த தோரியத் தாது தேவைப்பட்டது. அதுவும் இலங்கையிலிருந்தே, தோரைட் என்ற கனிமமாகக் கிடைத்தது. அதிலிருந்து சாடி பிரித்தெடுத்த ஈயம் சாதாரண ஈயத்தைவிட அடர்த்தி மிகுந்திருந்தது. அணு எடை 207.7 அளவில் வந்தது. அமெரிக்காவில் தியோடர் ரிச்சர்ட்ஸ் அளந்த யுரேனியத் தாதுக்களின் ஈயம் எதிர்பார்த்தபடியே எடை குறைந்திருந்தது. ஒரே தனிமத்துக்கு வெவ்வேறு எடைகள் உண்டு என்பது இவ்வாறு தராசில் மெய்ப்பட்டது. 1921-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு சாடிக்கு வழங்கப்பட்டது.

காரணம் முழுமையாக விளங்க, அணுவின் அமைப்பு தெரிய வேண்டியிருந்தது. அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் நடுவிலுள்ள சிறு கருவில் அடங்கியிருப்பதை ரதர்ஃபோர்டு 1911-இல் காட்டினார். கருவின் மின்னூட்டமே தனிமத்தைத் தீர்மானிக்கிறது என்பது ஹென்றி மோஸ்லியின் 1913-14 ஆய்வுகளால் உறுதிப்பட்டது. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்ததும் எஞ்சிய புதிர் அவிழ்ந்தது. ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாவற்றிலும் புரோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றே. நியூட்ரான்களின் எண்ணிக்கை வேறுபட்டால் அவை ஐசோடோப்புகள். ஹானின் ரேடியோதோரியம் தோரியம்-228, மீசோதோரியம் ரேடியம்-228.

ஆல்ஃபா சிதைவில் கரு இரண்டு புரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் ஒன்றாக இழக்கிறது. பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, எலெக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் வெளியேறுகின்றன. நிறை எண் மாறுவதில்லை. காமா கதிர் வெளிப்படும்போது இரண்டு எண்ணிக்கையும் மாறாமல், கருவின் மிகை ஆற்றல் மட்டும் நீங்குகிறது. தோரியம்-232-இன் கருவில் 90 புரோட்டான்களும் 142 நியூட்ரான்களும் உள்ளன. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா சிதைவுகளுக்குப் பின் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் கொண்ட ஈயம்-208 ஆக அது நிலைகொள்கிறது. அதற்கு முந்திய படிகளில் ஒன்றான தாலியம்-208 ஈயமாக மாறும்போது வெளிப்படும் காமா கதிர் மிக வலிமையானது. தோரியனைட்டின் கதிர்வீச்சைத் தடுக்கக் கனத்த ஈயத் தகடு தேவைப்படுவது அதனாலேயே.