படங்களைச் சீராக்கும் நாற்கிளை மரம்

இருண்ட அறையில் எடுத்த டிஜிட்டல் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரே நிறத்தில் இருக்க வேண்டிய சுவர் ரவை தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பொறியியலாளர்கள் இதனை இரைச்சல் என்கின்றனர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் நகரிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் 1969 ஆம் ஆண்டு வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சில்லைக் கண்டுபிடித்த காலத்திலிருந்தே இச்சிக்கல் தொடர்கிறது.

அருகருகே உள்ள நான்கு புள்ளிகளின் சராசரியை எடுத்தால் இரைச்சல் ஏறத்தாழ பாதியாகும். பதினாறு புள்ளிகள் என்றால் கால் பங்காகும். ஆனால் முகத்தின் விளிம்பும் எழுத்தின் கோடும் சேர்ந்தே கரைந்துவிடும். எங்கே சராசரி எடுப்பது, எங்கே விட்டுவிடுவது என்பதே கேள்வி.

இதற்கு உதவியது நாற்கிளை மரம் என்னும் தரவுக் கட்டமைப்பு. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரஃபேல் ஃபிங்கலும் ஜான் பென்ட்லியும் 1974 இல் இதனை முன்வைத்தபோது, தகவல்களைத் தேடி எடுப்பதே அவர்களது நோக்கமாக இருந்தது. படங்களைச் சீராக்க இதனைப் பயன்படுத்தும் வழியை 1981 இல் சஞ்சய் ரானடேயும் மைக்கேல் ஷ்னையரும் வெளியிட்டனர்.

இத்தகைய முறையில் படம் நான்கு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சதுரத்தினுள் ஒளியளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் பிரிப்பு அங்கே நின்றுவிடும். மாறுபட்டால் அது மீண்டும் நான்காகும். இதனால் வானம் போன்ற பகுதிகள் பெரிய சதுரங்களாகவும், விளிம்புகள் மிகச் சிறியவையாகவும் அமைகின்றன. சதுரத்தின் சராசரியே அதன் புள்ளிகள் அனைத்துக்கும் தரப்படுகிறது.

எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆபத்தும் இங்கேதான். மார்பக எக்ஸ்ரே படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய சுண்ணாம்புப் படிவுகள் புற்றுநோயின் தொடக்க அறிகுறியாக இருக்கக்கூடும். அவற்றை இரைச்சலாகக் கருதி அழிக்கும் கணினி அழகான படத்தைத் தரும். மருத்துவருக்கு வேண்டியது அழகல்ல.

சதுரங்களின் ஓரங்கள் கட்டம் கட்டமாகத் தெரிவது மற்றொரு குறை. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில், ஆர்சிஏ நிறுவனத்தின் சார்னாஃப் ஆய்வு மையத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன், பீட்டர் பர்ட்டுடன் இணைந்து 1983 இல் வெளியிட்ட பிரமிடு முறையில், சராசரி எடுக்கப்படும் பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று படர்வதால் இத்தகைய கட்டங்கள் எழுவதில்லை. அடித்தளத்தில் முழுப்படம், அதன் மேல், நீளமும் அகலமும் பாதி பாதியாகச் சுருங்கும் பிரதிகள். அத்தனை பிரதிகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகத் தேவைப்படுவது மூலப்படத்தின் மூன்றில் ஒரு பங்கு இடம்தான்.

கூகுள் ஆய்வாளர்கள் 2016 இல் விவரித்த கைபேசிப் படமுறையிலும், அடுத்தடுத்து எடுத்த பல படங்களைப் பொருத்துவதற்கு நான்கு அடுக்குப் பிரமிடு பயன்பட்டது. முதலில் சுருங்கிய பிரதியில் தோராயமாகவும், பின்னர் கீழடுக்குகளில் நுணுக்கமாகவும் அவை பொருத்தப்பட்டன. பொருந்தாத பகுதி, உதாரணமாக ஓடும் குழந்தையின் கை, சராசரியில் குறைவாகவே சேர்க்கப்பட்டது.