கிரெஸ்ஸி என்ற படகு

கல்யாணம் ஆன கையோடு புருஷனும் பெண்டாட்டியும் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருவது நமக்குத் தெரிந்த விஷயம். 1939-ஆம் வருஷம் ஜூலை மாதம் இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தம்பதி, சரக்கு ஏற்றிப் பழசாகிப்போன ஒரு கால்வாய்ப் படகில் ஏறிக் கிளம்பினார்கள். திரும்பி வருகிற தேதி என்று ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வருவதற்கு வீடும் கிடையாது, படகுதான் வீடு. பன்னிரண்டு வருஷம் அதிலேயே குடித்தனம் செய்தார்கள். அந்தக் குடித்தனம் எப்படி முடிந்தது என்பது வருத்தமான கதை. ஆனால் அதற்குள் அவர்கள் ஒரு தேசத்தின் கால்வாய்களை, தூர்ந்துபோகாமல், காப்பாற்றுவதற்கு வழி செய்துவிட்டார்கள்.

கணவர் பெயர் டாம் ரோல்ட். புஸ்தகங்களின் அட்டையில் எல். டி. ஸி. ரோல்ட் என்று இருக்கும். 1910-இல் செஸ்டர் நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு இயந்திரத் தொழில் கற்கப் போனார். ஸ்டோக் நகரத்தில் கெர் ஸ்டூவர்ட் என்ற ரயில் எஞ்ஜின் கம்பெனியில் பயிற்சி பெற்றார். 1930-இல் அந்தக் கம்பெனியே திவாலாகிவிட்டது. அவருக்குக் கைல் வில்லன்ஸ் என்று ஒரு மாமா. மாமாவும் எஞ்ஜினீயர்தான். குதிரை இழுத்துக்கொண்டிருந்த கிரெஸ்ஸி என்ற மரப்படகை வாங்கி, அதில் நீராவி எஞ்ஜினை வைத்தார் மாமா. சுரங்க வழிக்குள் போனபோது ஆவியும் புகையும் சேர்ந்து கண்ணை மறைக்க, சுக்கான் பிடிப்பது முடியாத காரியமாகிவிட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பழைய ஃபோர்டு மோட்டார்க் காரின் எஞ்ஜினைப் பொருத்தினார். இப்படிப்பட்ட மாமா வாய்த்த பையன் வேறு எப்படி ஆவான்?

மனைவி ஆஞ்ஜெலா. ரோல்ட் சில நண்பர்களோடு சேர்ந்து ஹாம்ப்ஷயரில் பழைய கார்களைப் பழுது பார்க்கும் ஒரு கராஜ் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே காரில் வந்து இறங்கியவள் இந்தப் பெண். வசதியான குடும்பம், தகப்பனார் ராணுவத்தில் மேஜராக இருந்தவர். கையில் காசில்லாத, படகில் குடியிருக்கப் போவதாகச் சொல்லுகிற மெக்கானிக்குக்குப் பெண்ணைக் கொடுக்க எந்தத் தகப்பனாருக்கு மனம் வரும்? அவருக்கும் வரவில்லை. கல்யாணம் ரகசியமாகத்தான் நடந்தது.

இந்த இடத்தில் கால்வாய்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம்முடைய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்குக் கால்வாய் வெட்டியதும், தேசம் முழுவதும் கால்வாய்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆற்று வழிகளையும் சேர்த்துச் சுமார் நாலாயிரம் மைல் நீர்வழி உண்டாயிற்று. மத்தியப் பிரதேசத்துக் கால்வாய்களின் லாக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவுத் தொட்டிகள், ஏழு அடி அகலந்தான். ஆகவே படகும் ஏழடி அகலம், எழுபதடி நீளம். தண்ணீரில் மிதக்கும் ஒரு ரயில் வண்டித் தாழ்வாரம் என்று நினைத்துக்கொள்ளலாம். பிறகு ரயில் வந்தது. ரயில்வே கம்பெனிகள் பல கால்வாய்களை விலைக்கு வாங்கின. வாங்கியவர்கள் அவற்றைப் பராமரிக்க அவசரப்படவில்லை. லாரியும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். 1939-இல் பல கால்வாய்களில் சேறும் கோரையும் மண்டிக் கிடந்தன. மற்றவற்றில் படகுக்காரக் குடும்பங்கள் இன்னும் சரக்கு ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி நீள அறை ஒன்றில் புருஷன், பெண்டாட்டி, குழந்தைகள், அடுப்பு, படுக்கை எல்லாம். குழந்தைகளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அறைக்கதவில் ரோஜாப் பூவும் கோட்டையும் தீட்டியிருக்கும், பித்தளைக் குமிழ்கள் பளபளக்கும்.

பான்பரி என்ற ஊரில், ஆக்ஸ்போர்டு கால்வாய்க் கரையில், டூலி குடும்பத்தாரின் படகுத் தொழிற்கூடம் இருந்தது. கிரெஸ்ஸியை அங்கே கொண்டுவந்து, சரக்கு வைக்கும் இடத்தை அறைகளாகத் தடுத்தார்கள். உட்காரும் அறை, புஸ்தக அலமாரி, சமையலறை, படுக்கையறை. இவை போதாதென்று ஒரு குளியல் தொட்டி வேறே! ஏழடி அகலப் படகில் குளியல் தொட்டி வைத்துக்கொண்ட மனிதனுக்குத் துறவு மனப்பான்மை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஜூலைக் கடைசியில் படகு கிளம்பியது.

மணிக்கு மூன்று மைல் வேகம். நம் மாட்டு வண்டி வேகந்தான். அதுவும் நேர்வழியில் அல்ல. ஆக்ஸ்போர்டு கால்வாயைத் திட்டமிட்ட பிரிண்ட்லி, மேடு வந்தால் வெட்டமாட்டார், பள்ளம் வந்தால் நிரப்பமாட்டார். பூமியின் மட்டத்தை ஒட்டியே கால்வாயை வளைத்துக்கொண்டு போவார். பான்பரிக்கு வடக்கே கால்வாயின் உச்சி மட்டத்தில் பதினோரு மைல் படகோட்டினால், நேர்க்கோட்டில் அதில் பாதி தூரங்கூடக் கடந்திருக்க மாட்டோம். ஒரே பண்ணைவீடு ஒரு தடவை வலப்பக்கம் தெரியும், கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கம் தெரியும். அவசரக்காரனுக்கு இது தண்டனை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு என்ன அவசரம்?

லெஸ்டர் பக்கம் போனார்கள். ஃபாக்ஸ்டனில் பத்து லாக்குகள் மாடிப்படி மாதிரி மலைச்சரிவில் இறங்குகின்றன. ஒன்றின் கதவே அடுத்ததற்கும் கதவு. ஸோர் ஆற்றிலும் டிரென்ட் ஆற்றிலும் சென்று, பிறகு டிரென்ட்–மெர்ஸி கால்வாயில் மேற்கே திரும்பினார்கள். பர்ட்டனில் பீர் காய்ச்சுகிறார்கள். ஸ்டோக்கில் பீங்கான் சுடுகிறார்கள். செஷயரில் உப்பு எடுக்கிறார்கள். இத்தனை சரக்கையும் அந்தக் காலத்தில் சுமந்தது இந்தக் குறுகலான தண்ணீர் வழிதான். முக்கியமாகப் பீங்கானுக்கு இதைவிட நல்ல வாகனம் ஏது? குண்டும் குழியுமான சாலையில் வண்டியேற்றினால், ஊர் போய்ச் சேரும்போது ஓடுதான் மிஞ்சும். வெட்ஜ்வுட் என்ற பீங்கான் வியாபாரி இந்தக் கால்வாய்க்காகப் பாடுபட்டதில் ஆச்சரியமில்லை.

ஸ்டோக்குக்கு அப்பால் ஹேர்காஸ்ல் சுரங்கம். ஒன்றரை மைலுக்கு மேற்கொண்டு குன்றின் வயிற்றுக்குள் நீர்வழி. பிரிண்ட்லி தொடங்கிய முதல் சுரங்கம் 1777-இல் திறக்கப்பட்டது. அதில் கரைப்பாதை கிடையாது. குதிரையை மேலே மலை வழியாக ஓட்டிக்கொண்டு போக, படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுரங்கச் சுவரைக் காலால் உந்தி உந்திப் படகை நகர்த்துவார்கள். 1827-இல் டெல்ஃபோர்டு பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கத்தைக் கட்டி முடித்தார். ரோல்ட் தம்பதி போன காலத்தில் மின்சார இழுவைப் படகு ஒன்று மற்றப் படகுகளைக் கட்டி இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. டிரென்ட்–மெர்ஸி கால்வாயின் சரித்திரம் முழுவதும் அந்த இருட்டில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்: காலால் உதைத்தவர்கள் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எஞ்ஜினீயர்கள் இரண்டு பேர் பெயர் நிலைத்துவிட்டது.

புறப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 3-ஆம் தேதி யுத்தம் வந்துவிட்டது. க்ரூ நகரத்து ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையில், போர் விமானங்களுக்கான மெர்லின் எஞ்ஜின் செய்யும் வேலைக்கு ரோல்ட் சேர்ந்தார். சர்ச் மின்ஷல் என்ற கிராமத்துக் கரையில் படகைக் கட்டிவிட்டு, அங்கிருந்து சைக்கிளில் போய் வந்தார். இயந்திரங்களை நேசித்த மனிதர்தான். ஆனால் வரிசையில் நின்று ஒரே திருகாணியை நாளெல்லாம் முடுக்குகிற வேலை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். தெற்கே, வில்ட்ஷயரில், ஒரு சிறு வார்ப்படச் சாலையில் வேலை கிடைத்தது. போய்ச் சேர வேண்டுமே! படகிலேயே போனார்கள்.

அந்த இலையுதிர்காலப் பிரயாணத்தைத்தான் நான் ஒரு நாவலாசிரியனின் பேராசையோடு பார்க்கிறேன். ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய் வழியாக வந்தார்கள். ஆட்லமில் பதினைந்து லாக்குகள். மார்க்கெட் டிரேட்டன் என்ற சந்தை ஊர். அதற்குத் தெற்கே பாறையை வெட்டித் திறந்த ஆழமான பள்ளத்தாக்கில் சுமார் ஒன்றரை மைல், இருபுறமும் ஈரமான சுவர், பாசி, மரங்கள், தண்ணீர்மேல் உதிர்ந்த இலை. லண்டனில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுகிறார்கள். குழந்தைகளைக் கிராமங்களுக்கு ரயிலேற்றி அனுப்புகிறார்கள். இங்கே இரண்டு பேர் மணிக்கு மூன்று மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாலையானால் எந்தப் பாலத்தடியிலும் முளையை அடித்துக் கட்டிவிட்டு, கரையேறி ஊருக்குள் போய் ரொட்டியும் பாலும் வாங்கலாம். விடுதியில் படகுக்காரர்களோடு உட்கார்ந்து பேசலாம். இது பொறுப்பில்லாத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழியப் போகிறது என்று தெரிந்த ஒன்றை நிதானமாகப் பார்த்து எழுதிவைப்பதும் ஒரு வேலைதான். யுத்த காலத்தில் அதைச் செய்ய ஆள் குறைவு. பான்பரி வந்து சேர்ந்ததும் கடுங்குளிரில் கால்வாய் உறைந்துபோயிற்று. வசந்தம் வருமட்டும் படகு பனிக்கட்டியில் அகப்பட்டுக்கிடந்தது.

சுமார் நானூறு மைல் சுற்றிய அந்தப் பயணத்தை ரோல்ட் புஸ்தகமாக எழுதினார். பதிப்பாளர்கள் திருப்பியனுப்பினார்கள். (இது எழுத்தாளர்களுக்குப் பழக்கமான அனுபவம், விவரிக்க வேண்டாம்.) கடைசியில், கிராமிய விஷயங்களை எழுதிவந்த மாஸிங்ஹாம் என்ற எழுத்தாளரின் சிபாரிசினால் 1944 டிசம்பரில் 'நாரோ போட்' என்ற பெயரில் வெளிவந்தது. உடனே நல்ல விற்பனை. குண்டுவீச்சிலும் ரேஷனிலும் அலுத்துப்போன ஜனங்களுக்கு அந்த மெதுவான தண்ணீர் வழி இதமாக இருந்திருக்க வேண்டும்.

படித்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஐக்மன். லண்டன்வாசி, பிற்காலத்தில் பேய்க் கதைகளுக்குப் பேர் வாங்கியவர். அவர் கடிதம் எழுதினார். 1945 ஆகஸ்டில் டார்டபிக் என்ற இடத்தில் கிரெஸ்ஸிக்கே வந்து சந்தித்தார். தொடர்ந்தாற்போல் முப்பது லாக்குகள் உள்ள இடம் அது. மறுவருஷம் இருவரும் இன்னும் சிலரும் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஐக்மன் தலைவர், ரோல்ட் கௌரவக் காரியதரிசி.

சங்கத்தின் முதல் சண்டை ஒரு பாலத்தோடு. பர்மிங்ஹாமுக்கு அருகே ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் மேல், தூக்கித் திறக்கவேண்டிய ஒரு பாலத்தை, ரயில்வே கம்பெனி அசையாதபடி இறுக்கி வைத்திருந்தது. பிரபுக்கள் சபையில் கேள்வி கேட்கப்பட்டது. முன்கூட்டித் தகவல் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் பாலம் தூக்கப்படும் என்று பதில் வந்தது. பதில் சொன்னவர்கள், யாராவது நிஜமாகவே வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்! 1947 மே மாதம் கிரெஸ்ஸி வந்து நின்றது. ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தை அங்குலம் அங்குலமாக உயர்த்தினார்கள். கால்வாயில் சேறும் குப்பையும் நிறைந்திருந்தபடியால், அடிதட்டித் தட்டித்தான் படகு போக முடிந்தது. போய்விட்டது. சட்டப்படி உள்ள உரிமையை எழுபதடி நீளப் படகு ஒன்று உருவமாகக் கொண்டு வந்தது போலிருந்தது. கால்வாய் உயிரோடிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

1949-இல் வேல்ஸ் பக்கம் போனார்கள். டெல்ஃபோர்டு 1805-இல் கட்டி முடித்த பொன்ட்கிஸில்ட்டி நீர்ப்பாலத்தின்மேல், நூற்றிருபது அடிக்கும் கூடுதலான உயரத்தில், இரும்புத் தொட்டிக்குள் கிரெஸ்ஸி மிதந்து சென்றது. அந்தக் கால்வாய் 1944-ஆம் வருஷச் சட்டப்படி கைவிடப்பட்ட ஒன்று. பாலத்தின் ஒரு பக்கந்தான் நடைபாதையும் கம்பியும். மறு பக்கம் தொட்டியின் விளிம்பு, அதற்கப்பால் ஆகாசம்.

அதற்குப் பின் எல்லாம் உடைந்தன. ஒரு கால்வாயைக்கூட விடக்கூடாது என்பது ஐக்மனின் கட்சி. பிழைக்கக் கூடியவற்றைக் காப்பாற்ற வேண்டும், அதிலும் அங்கே உழைத்து வாழும் படகுக்காரர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது ரோல்ட்டின் கட்சி. இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். 1951-இல், தாம் ஆரம்பித்த சங்கத்திலிருந்தே ரோல்ட் நீக்கப்பட்டார். பின்னால் நடந்ததைப் பார்த்தால் ஐக்மன் கட்சிதான் ஜயித்தது. மூடிக்கிடந்த பல கால்வாய்கள் உல்லாசப் படகுகளுக்காக ஒவ்வொன்றாகத் திறந்தன: ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் தென்பாதி 1964-இல், கென்னட்–ஏவன் 1990-இல். படகுக்காரர்களின் பிழைப்போ, 1962–63 பனிக்காலத்தில் வாரக்கணக்காகத் தண்ணீர் உறைந்தபோது, ஏறக்குறைய முடிந்துவிட்டது. ரோல்ட் நேசித்தது போயிற்று. அது மிதந்த தண்ணீர் மிஞ்சிற்று. கட்சி எது என்று கேட்டால் நான் ரோல்ட்டின் பக்கம். ஆனால் ஐக்மனின் பிடிவாதம் இல்லாவிட்டால் தண்ணீரும் மிஞ்சியிராது.

அதே 1951-இல் கிரெஸ்ஸியின் மரம் உளுத்துவிட்டது, செப்பனிட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. ஆஞ்ஜெலாவும் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் அலைந்த பிறகு, ஓர் இடத்தில் வேரூன்ற வேண்டும் என்ற ஆசை ரோல்ட்டுக்கு வந்தது. அவளுக்கு அலைச்சல் அலுக்கவில்லை. பில்லி ஸ்மார்ட் சர்க்கஸில் சேர்ந்துகொண்டாள். அயர்லாந்தின் நீர்வழிகளைப் பற்றி ரோல்ட் 1949-இல் வெளியிட்ட புஸ்தகத்தைத் திறந்தால், அவள் எடுத்த புகைப்படங்களைப் பார்க்கலாம்.

ரோல்ட் அந்த வருஷமே டலிலின் என்ற சின்ன ரயில் பாதைக்கு மானேஜராகப் போனார். மூடப்பட இருந்த அந்தப் பாதையை, சம்பளம் வாங்காத தொண்டர்களைக் கொண்டு ஓட்டிக் காட்டினார். மறுபடி கல்யாணம் செய்துகொண்டார், 1974-இல் காலமானார். பான்பரியில் அவர் பெயரால் ஒரு பாலம் இருக்கிறது. டூலி தொழிற்கூடத்தைச் சுற்றிப் பெரிய கடைவீதிக் கட்டடம் எழும்பிவிட்டது. கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே, பழைய உலைக்களமும், படகை இறக்கித் தண்ணீரை வடித்துவிட்டு அடிப்பலகையைச் செப்பனிடும் பள்ளமும் அப்படியே இருக்கின்றன.