தவளை முட்டைக்கு முதுகு எந்தப் பக்கம்?

எங்க வெள்ளிமலைப் பக்கம் மழை பெஞ்சு குட்டை ரொம்பினா தவளை முட்டை மிதக்கும். நிறைய முட்டைகள்ல மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி வெளுப்பு. பம்பரம் மாதிரி சுத்திப் பார்த்தா எல்லாப் பக்கமும் ஒண்ணுதான். ஆனா அதுல இருந்து வர்ற தலைப்பிரட்டைக்கு முதுகு, வயிறு, இடது, வலது எல்லாம் இருக்கே? அதை யாரு முடிவு பண்றது?

இதுக்கு விடை கிடைக்க ஏறக்குறைய 130 வருஷம் ஆச்சு மக்களே!

1854ல இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் நியூபோர்ட் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். முட்டை முதல்தடவை ரெண்டாப் பிளக்கிற கோடும், பின்னால உடம்பை இடது வலதாப் பிரிக்கிற கோடும் பெரும்பாலும் ஒண்ணாவே இருந்துச்சு.

1887ல ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரூ ஒரு படி மேல போனார். விந்தணு எந்தப் பக்கம் நுழையணும்னு அவரே தேர்ந்தெடுத்தார். எந்தப் பக்கம் விட்டாலும் உடம்போட நடுக்கோடு அது வழியாவே போச்சு. விந்து நுழைஞ்சதுக்கு எதிர்ப்பக்கம்தான் முதுகாகும். சில தவளைகள்ல அந்த இடத்துல சாம்பல் நிறப் பிறை ஒண்ணும் தெரியும்.

சரி, பிறை எப்படி வருது? முட்டையோட மேலடுக்கு உள்ளே இருக்கிற கருவை விட்டு நழுவித் திரும்புதுன்னு 1948ல பிரான்சின் ஆன்செலும் வின்டெம்பெர்கரும் விளக்கினாங்க. அமெரிக்காவுல ஜான் கெர்ஹார்ட் குழு 1986ல ஜெனோபஸ் தவளை முட்டையில சாயப்புள்ளி வச்சு அந்தத் திருப்பத்தை அளந்துச்சு. சுமார் 30 டிகிரி, அவ்வளவுதான். அதுவும் முதல் பிளவுக்கு முன்னாடியே!

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதே குழு 1980ல வெளியிட்ட சோதனை. புற ஊதாக் கதிர் பட்டா திருப்பம் நின்னுடும். அந்த முட்டை முதுகும் தலையும் இல்லாத வெறும் வயித்து உருண்டையா வளரும். ஆனா முதல் பிளவுக்கு முன்னாடி அதைச் சாய்ச்சு வச்சா, கனமான கரு தானா சரிஞ்சு ஒழுங்கான தலைப்பிரட்டை வந்துடுது :-)

அப்போ விந்தணு முதுகோட வரைபடம் எதையும் கொண்டு வரலை. எந்தப் பக்கமும் முதுகாகலாம்ங்கிற முட்டைக்கு ஒரு திசையைக் காட்டிக் கொடுக்குது, அவ்வளவே. ப்ரோக்ராம்ல ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் வந்தா, யாராவது ஒருத்தரைத் தேர்ந்தெடுன்னு ஒரு வரி எழுதி வைப்போமே, அது மாதிரி. உடம்போட திசை முட்டையிலேயே எழுதி வச்சிருக்கும்னு நாம நினைக்கிறோம். தவளைக்கு அது விந்து எந்தப் பக்கம் முட்டிச்சுங்கிறதுல இருக்கு!

இதயம் ஏன் ஒரு பக்கமா வளைஞ்சு வளருதுங்கிறது தனிக்கதை. அது இன்னொரு நாள்.